அந்த ஒரு செமஸ்டர் ஆடம்பரம் அல்ல

மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பொறியியல் மாணவர் கேட்டால், தமிழ்நாட்டில் அவருக்குக் கிடைக்கும் பதில்கள் ஏறக்குறைய மனப்பாடமானவை. அது வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஊர் சுற்றிப் பார்க்கப் போவது. படிப்பு கெடும், அரியர் விழும். கேம்பஸ் இன்டர்வியூ கைவிட்டுப் போகும். வெளிநாட்டு ஆசை இருந்தால் டிகிரியை முடித்துவிட்டு எம்.எஸ். போகலாமே, இப்போது என்ன அவசரம்? அப்படியே போனாலும் திரும்பி வருவான் என்று என்ன நிச்சயம்?

இப்படிச் சொல்பவர்கள் மாணவர்மீது அக்கறை இல்லாதவர்கள் அல்லர். பெற்றோர் சொல்கிறார்கள், பாடம் நடத்தும் ஆசிரியர் சொல்கிறார், துறைத்தலைவர் சொல்கிறார், கல்லூரி நிர்வாகமும் சொல்கிறது. எல்லோரும் சொல்வதாலேயே இது கேள்வி கேட்கத் தேவையில்லாத உண்மைபோல் நிலைத்துவிட்டது. இது தவறான கருத்து என்பது என் உறுதியான எண்ணம். யாரைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு இந்தக் கருத்து நடமாடுகிறதோ, அந்த ஏழை வீட்டு, முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவரைத்தான் இது கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மாணவர் பரிமாற்றம் என்பது மூன்று உறுதிகளின்மேல் நிற்கும் ஏற்பாடு. மாணவர் தன் சொந்தக் கல்லூரியிலேயே பதிவில் இருந்து, கட்டணத்தையும் அங்கேயே கட்டுவார். அவரை ஏற்கும் பல்கலைக்கழகம் அவரிடம் கல்விக் கட்டணம் வாங்காது. அங்கே அவர் தேறிய பாடங்கள் இங்கே அவருடைய பட்டத்துக்கான கணக்கில் சேரும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது பரிமாற்றம் இல்லை, வேறு ஏதோ ஒன்று.

இந்த வேறு ஏதோ ஒன்றுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரம், பத்து நாள் அழைத்துப் போய், இரண்டு வளாகங்களையும் நான்கு சுற்றுலா இடங்களையும் காட்டிவிட்டு, ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பும் பயணங்கள் உண்டு. அவற்றை ஊர் சுற்றல் என்று சொல்பவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. தரத்தை மதிப்பிட நாக் குழு வரும்போது கணக்குக் காட்டுவதற்காகக் கையெழுத்தாகிற புரிந்துணர்வு ஒப்பந்தங்களும் உண்டு. அவற்றின் புகைப்படம் கல்லூரி வரவேற்பறையில் மாட்டப்பட்டிருக்கும். அந்த ஒப்பந்தத்தின்படி ஒரு மாணவர்கூட விமானம் ஏறியிருக்க மாட்டார். போலியைப் பார்த்து மனம் கசந்தவர்கள் அசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். என் வாதம் அசலைப் பற்றியது.

பணத்திலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் மற்ற எல்லா வாதத்துக்கும் அடியில் இருப்பது அதுதான். ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மாணவர் வாழ்க்கைச் செலவுக்காக மாதம் 992 யூரோ என்ற கணக்கில் பணம் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள விதி. நம் பணத்தில் மாதம் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். ஆறு மாதத்துக்கு ஆறு லட்சம், அதோடு விமானக் கட்டணம், விசா, காப்பீடு. பெரிய தொகைதான். தினக்கூலி வாங்கும் வீட்டுக்கு இது எட்டாத தொகை என்பதை மறைக்க வேண்டிய தேவை இல்லை.

ஆனால் இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் வழியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'டிகிரி முடித்துவிட்டு எம்.எஸ். போகலாம்' என்பதன் பொருள், அமெரிக்காவில் இரண்டு ஆண்டு முழுக் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும். அதற்கு முப்பது லட்சம், நாற்பது லட்சம் என்று கடன் வாங்குவது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்துப் பிணை கேட்பது வழக்கமான நடைமுறை. வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ வங்கிக்குப் போவது அந்த இடத்தில்தான். ஆறு லட்சத்தை ஆடம்பரம் என்று தடுக்கும் அதே வாய், நாற்பது லட்சத்தை முதலீடு என்று சொல்கிறது. அந்த நாற்பது லட்சமும், மாணவர் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திராத ஒரு கல்விமுறையை, கன்சல்டன்சிக்காரர் சொன்னதை நம்பி வாங்குவதற்கு.

அந்த ஆறு லட்சத்தையும் குடும்பமே சுமக்க வேண்டும் என்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம் 2015 முதல் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளின் மாணவர்களுக்கும் ஒரு செமஸ்டர் பரிமாற்றத்தைத் திறந்திருக்கிறது. இந்தியாவும் அதில் உண்டு. இந்த வழியில் போகும் மாணவருக்கு, போகும் நாட்டைப் பொறுத்து மாதம் சுமார் 800 முதல் 900 யூரோ வரை உதவித்தொகையும் பயணச் செலவுக்குத் தனித் தொகையும் கிடைக்கும். ஒரே ஒரு நிபந்தனை: மாணவர் தனியாக விண்ணப்பித்துவிட முடியாது. அவருடைய கல்லூரி ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்து, சேர்ந்து திட்டம் தீட்ட வேண்டும். ஆக, ஏழை மாணவரின் பாதையில் முதலில் நிற்பது அவருடைய வறுமையைவிட அவருடைய கல்லூரியின் அசட்டைதான்.

இதைப் புரிந்துகொள்ள இத்தாலியக் கல்வியாளர் சோஃபியா கொராடியின் வாழ்க்கை உதவும். ரோம் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த அவர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய் முதுகலைப் படிப்பை முடித்து 1958-இல் ஊர் திரும்பினார். அங்கே படித்ததைத் தன் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டபோது, பல்கலைக்கழக அலுவலகம் மறுத்தது. மறுத்ததோடு நிற்காமல் அவரை அவமதித்தும் அனுப்பியது. அந்த அவமானத்தை அவர் விடவில்லை. பல ஆண்டுகள் அலுவலகம் அலுவலகமாக, மாநாடு மாநாடாக வாதாடினார். 1987-இல் எராஸ்மஸ் திட்டம் 11 நாடுகளில் 3,244 மாணவர்களோடு தொடங்கியதற்குப் பின்னால் அவருடைய அந்த நீண்ட உழைப்பு இருக்கிறது. ஐரோப்பாவில் அவரை 'எராஸ்மஸ் அம்மா' என்றே அழைத்தார்கள். அந்தத் திட்டத்தின் வழியே இதுவரை சென்று வந்தவர்கள் ஒன்றரைக் கோடிப் பேருக்கும் மேல்.

கொராடிக்குப் பணம் ஒரு தடையாக இருக்கவில்லை, உதவித்தொகை இருந்தது. திறமை தடையாக இருக்கவில்லை; கொலம்பியாவின் பட்டம் கையில் இருந்தது. அவரைத் தடுத்தது ஒரு அலுவலக மேசையில் கிடைக்காத ஒரு கையெழுத்து. எராஸ்மஸ் செய்த பெரிய காரியம் பணம் கொடுத்தது மட்டுமில்லை. அந்தக் கையெழுத்தை மாணவர் புறப்படுவதற்கு முன்பே வாங்கிக் கொடுத்தது. 1989-இல் சோதனையாகத் தொடங்கிய ஐரோப்பியக் கிரெடிட் முறையும் அதற்காகவே வந்தது. ஓர் ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட், ஒரு செமஸ்டர் 30 கிரெடிட் என்று எல்லா நாட்டுக்கும் பொதுவான ஓர் அளவுகோல் கிடைத்தது.

அந்தக் கையெழுத்து இருக்கும் தாளைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்க்க வேண்டும். எராஸ்மஸில் அதைக் கற்றல் ஒப்பந்தம் என்பார்கள். அதில் இரண்டு அட்டவணைகள். முதல் அட்டவணையில், மாணவர் அங்கே போய்ப் படிக்கப்போகும் பாடங்கள், ஒவ்வொன்றின் கிரெடிட். இரண்டாம் அட்டவணையில், அவற்றுக்கு ஈடாக இங்கே அவருக்குத் தள்ளுபடியாகும் பாடங்கள். கீழே மூன்று கையெழுத்து: மாணவர், அனுப்பும் கல்லூரி, ஏற்கும் பல்கலைக்கழகம். அங்கே போன பிறகு ஏதாவது ஒரு பாடம் நடக்கவில்லை என்றால், மூவரும் சேர்ந்து அட்டவணையைத் திருத்திக்கொள்ளலாம். மாணவர் தேறிவிட்டு வந்தால் இரண்டாம் அட்டவணையில் உள்ளதைக் கல்லூரி அப்படியே ஏற்றாக வேண்டும். மறுபரீட்சை கிடையாது, மறுபடி வகுப்பில் உட்காருவதும் கிடையாது.

நம் கல்லூரிகள் தயங்குவது இந்த இரண்டாம் அட்டவணையில் கையெழுத்துப் போடத்தான். 'நம் சிலபஸுக்கும் அவர்கள் சிலபஸுக்கும் ஒத்துவராது' என்கிறார்கள். இயந்திரப் பொறியியலில் ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், கதிர்வீச்சு, குளிர்விக்கும் துடுப்புகள், வெப்பப் பரிமாற்றிகள்: சென்னையிலும் இதுதான், ஸ்டாக்ஹோமிலும் இதுதான். ஃபூரியர் விதி கடல் தாண்டினால் மாறிவிடாது. இங்கே ஐந்து யூனிட்டாகப் பிரித்திருப்பதை அங்கே மூன்று பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஏதாவது ஒரு உள்தலைப்பு விட்டுப்போயிருக்கும், வேறொன்று கூடுதலாக இருக்கும். வரிக்கு வரி ஒப்பிட்டு 'ஒத்துவரவில்லை' என்று சொல்வது எளிது. அந்தப் பாடத்தை முடித்த மாணவர் என்ன செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று கேட்டு ஒப்பிடுவதுதான் ஓர் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை.

கிரெடிட் கணக்கிலும் இதே நிலைதான். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் மாதிரிப் பாடத்திட்டத்தில் வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட். ஆய்வகம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அதாவது நாம் எண்ணுவது மாணவர் வகுப்பில் இருந்த நேரத்தை. ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, நூலகத்தில் படித்தது, குழுவாகச் செய்த புராஜெக்ட், தேர்வுக்குத் தயாரானது எல்லாம் அதில் அடக்கம். இரண்டு அளவுகோல்களும் வெவ்வேறு என்பது உண்மை. ஆனால் இங்கே ஒரு செமஸ்டருக்கு 20 கிரெடிட், அங்கே 30 என்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு விகிதம் போடுவது பொறியியல் கல்லூரிக்குக் கடினமான கணக்கு என்று என்னால் ஏற்க முடியாது.

'அரியர் விழும்' என்ற பயமும் இங்கிருந்து வருவதுதான். இரண்டாம் அட்டவணையில் கையெழுத்து இல்லாமல் போன மாணவர் திரும்பி வந்தால், அந்த செமஸ்டரின் ஆறு தாள்களையும் ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும். 75 சதவீத வருகைப்பதிவு இல்லை என்று அலுவலகம் எழுதிவிடும். இந்தக் கஷ்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு மாணவரிடம் 'போனால் அரியர் விழும், பார்த்துக்கொள்' என்கிறார்கள். அந்த அரியர் வெளிநாட்டில் விளைந்தது அல்ல. அதை நம் ஒழுங்குமுறை உண்டாக்கியது. ஒரு திருத்தத்தால் நீக்கவும் முடியும்.

விதிமுறை இடம் தரவில்லை என்று சொல்வதற்கும் இப்போது வழியில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் பி.டெக். படிப்பின் மொத்தச் சுமையை 160 கிரெடிட்டாகக் குறைத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள், தகுதியுள்ள நிறுவனங்களின் இணைப் பயில்வுத் (ட்வின்னிங்) திட்டங்களில் மொத்தக் கிரெடிட்டில் 30 சதவீதம் வரை வெளிநாட்டில் பெறலாம் என்கின்றன. அந்த அளவை 160-க்குப் பொருத்தினால் 48 கிரெடிட். நாம் கேட்பது ஒரு செமஸ்டர், அதாவது ஏறத்தாழ 20. இதே மானியக் குழு 2021-இல் ஸ்வயம் தளத்தின் இணையவழிப் பாடங்களுக்கு ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை கிரெடிட் தரலாம் என்று வழி திறந்தது. கணினித் திரையில் வீடியோ பார்த்துப் படித்ததற்குக் கிரெடிட் தர முடிகிற கல்லூரி, ஓர் ஆய்வகத்தில் ஆறு மாதம் கைவேலை செய்து தேறியதற்குத் தர முடியாது என்றால், அதற்குப் படிப்பின் தரம் காரணமாக இருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் நிரந்தர உறுப்பினராகச் சேர்ந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் முயன்றோம். எங்கள் படிப்பும் உங்கள் படிப்பும் சமம் என்று ஜப்பானிடமும் கொரியாவிடமும் தைவானிடமும் சிங்கப்பூரிடமும் பிரிட்டனிடமும் நாம் கேட்டு வாங்கிய அங்கீகாரம் அது. என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியம் தரும் அங்கீகாரத்தின் உரிய பிரிவில் வரும் படிப்புகளுக்குத்தான் அது பொருந்தும் என்றாலும், கொள்கை ஒன்றே. நான்காண்டுப் பட்டத்தையே அவர்கள் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் நாம், அவர்களுடைய ஒரு செமஸ்டரைச் சமமாக எடுத்துக்கொள்ள மறுப்பதில் நியாயம் இல்லை.

அடுத்தது கேம்பஸ் இன்டர்வியூ. இதைக் கேட்கும் மாணவரின் பயம் நியாயமானது. ஒரு வேலையை நம்பி நான்கு பேர் காத்திருக்கும் வீடுகள் அவை. ஆனால் இது காலண்டரைப் பார்த்துத் தீர்க்க வேண்டிய விஷயம். நம் கல்லூரிகளில் பெரிய நிறுவனங்கள் வரத்தொடங்குவது பெரும்பாலும் ஏழாவது செமஸ்டரில். ஆறாவது செமஸ்டர் ஜனவரி முதல் மே வரை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் செமஸ்டர் ஜனவரியில் தொடங்கி மே தொடக்கத்தில் முடிகிறது. ஸ்வீடனின் வசந்த காலப் பருவம் ஜனவரி நடுவில் தொடங்கி ஜூன் முதல் வாரத்தில் முடிகிறது. தைவானில் பிப்ரவரி முதல் ஜூன். இந்த நாடுகளுக்கு ஆறாவது செமஸ்டரில் போகும் மாணவர், நிறுவனங்கள் வருவதற்கு முன்பே ஊர் திரும்பிவிடுவார். ஜெர்மனியில் கோடைக்காலப் பருவ வகுப்புகள் ஏப்ரலில்தான் தொடங்கும். தேர்வுகள் ஜூலை, ஆகஸ்ட் வரை போகும். பட்ட வகுப்பில் அங்கே பெரும்பாலான பாடங்கள் ஜெர்மன் மொழியில்தான். எனவே எல்லா நாடும் எல்லோருக்கும் பொருந்தாது. தேர்ந்துதான் அனுப்ப வேண்டும். தேர்வு செய்வது சிரமம் என்பதற்காக வாய்ப்பையே மூடிவிடக் கூடாது.

'எல்லாமே இணையத்தில் கிடைக்கிறதே, எதற்குப் போக வேண்டும்?' என்ற கேள்வி சிந்திக்கிறவர்களிடமிருந்து வருகிறது. அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். பாடங்கள் நாட்டின் பெரிய சொத்து. கொள்கைகளையும் சமன்பாடுகளையும் கற்க அது போதும். பொறியியல் அங்கே முடிந்துவிடுவதில்லை. ஒரே சமன்பாட்டை வைத்துக்கொண்டு ஒரு சமூகம் எந்த முடிவை எடுக்கிறது, இன்னொரு சமூகம் ஏன் வேறு முடிவை எடுக்கிறது என்பதைக் காண்பதும் பொறியியல் கல்வி. அது பாடப்புத்தகத்தில் இல்லை, களத்தில் இருக்கிறது.

சென்னையில் சிவில் படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் தன் நகரம் மூழ்கியதைப் பள்ளிச் சிறுமியாகப் பார்த்தவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அது மறுபடி மூழ்கியதையும் பார்த்தவர். வகுப்பில் மேனிங் சூத்திரத்தைக் கொண்டு கால்வாயில் நீர் ஓடும் வேகத்தைக் கணக்கிட்டு மதிப்பெண் வாங்குகிறார். அவர் ஒரு செமஸ்டர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நீரியல் படிக்கிறார் என்று வையுங்கள். அந்த நாட்டின் கால்பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே. 1953-இல் ஒரே இரவில் கடல் உள்ளே புகுந்து அங்கே 1,836 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அணைகளும் கடல் தடுப்புகளும் கட்டினார்கள். ராட்டர்டாம் பக்கம் புயலின்போது மூடிக்கொள்ளும் மாஸ்லான்ட் தடுப்பு 1997-இல் முடிந்தது. 

அதே நாடு, இந்த நூற்றாண்டில் தன் சிந்தனையை மாற்றிக்கொண்டது. கரையை மேலும் உயர்த்திக்கொண்டே போவதற்குப் பதிலாக ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்று முடிவெடுத்து, முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வேலை செய்தது. நைமேகன் நகரில் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டி, ஆற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வாய்க்காலை வெட்டினார்கள். அதற்காக வீடுகளை விட்டுப் போக வேண்டியிருந்தவர்களோடு ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். இதைக் கரையில் நின்று பார்க்கும் மாணவியின் மனத்தில் பள்ளிக்கரணை வராமல் இருக்குமா? சுருங்கிப்போய், 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் தகுதி பெற்ற அந்தச் சதுப்பு நிலத்துக்கு நாம் எவ்வளவு இடம் விட்டோம், யாரோடு பேசினோம், எந்த மேசையில் எந்தக் கணக்கை ஒதுக்கி வைத்தோம் என்ற கேள்விகளோடு அவர் திரும்புவார். அந்தக் கேள்விகளைக் கேட்கிற ஒரு பொறியாளர் பொதுப்பணித் துறைக்கோ மாநகராட்சிக்கோ வந்தால், அவருக்காகச் செலவான ஆறு லட்சத்தை இந்த நகரம் ஒரே மழைக்காலத்தில் திரும்பப் பெற்றுவிடும்.

போவது ஒரு பக்கம்தான் என்றும் நினைக்க வேண்டாம். அங்கிருந்து ஒரு மாணவர் இங்கே வந்தால் அவருக்குக் கற்றுக்கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நம் ஏரிகளைப் பார்த்ததில்லை. மேலேரி நிரம்பினால் கலிங்கு வழியே உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. மதகைத் திறந்து வயலுக்கு எவ்வளவு விடுவது என்பதை ஊரே பேசி முடிவெடுக்கும். மின்சாரம் இல்லாமல், சரிவை மட்டும் நம்பி நூற்றாண்டுகளாக ஓடிய அந்தச் சங்கிலித் தொடரை, வறண்டுவரும் கோடைகளைக் கண்டு கவலைப்படத் தொடங்கியிருக்கும் ஐரோப்பிய மாணவர் ஒருவர் ஒரு செமஸ்டர் இங்கே தங்கி அளந்து படிக்கலாம். அவர் கட்டணமின்றி இங்கே படிப்பதால்தான் நம் மாணவி அங்கே கட்டணமின்றிப் படிக்க முடிகிறது. வந்து படிக்கும் தகுதியுள்ள ஒரு செமஸ்டரை நம் கல்லூரிகள் உருவாக்காத வரை, போகும் வாய்ப்பும் குறைவாகவே இருக்கும்.

கடைசியாக, திரும்பி வரமாட்டார்கள் என்ற வாதம். பரிமாற்றத்துக்குப் போகும் மாணவரின் பட்டம் இங்கேதான் இருக்கிறது. ஏழாவது, எட்டாவது செமஸ்டரை முடிக்காமல் அவருக்குப் பட்டமே இல்லை. திரும்பி வருவதை உள்ளேயே வைத்திருக்கும் வெளிநாட்டுப் படிப்பு இது. எம்.எஸ். போகிறவர் திரும்புவதற்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை; தலைமேல் இருக்கும் கடன் அவரை அங்கேயே நிறுத்திவிடும். அறிவு வெளியேறுவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், கடனில்லாமல் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியைத்தான் ஆதரிக்க வேண்டும். அப்படிப் போய் வந்தவர்களில் சிலர் பிறகு மேற்படிப்புக்கு மறுபடி போகலாம். போகட்டும். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போவார்கள்.

பரிமாற்றத்தால் நாடு என்ன பெறும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று நிற்கிறது. 1956-இல் நேரு மேற்கு ஜெர்மனி சென்றபோது ஓர் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் அமைக்க அந்த நாடு முன்வந்தது. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதே ஆண்டு ஜூலையில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் திறக்கப்பட்டது. ஜெர்மன் பேராசிரியர்கள் கிண்டிக்கு வந்து கற்பித்தார்கள். ஆய்வகக் கருவிகள் அங்கிருந்து வந்தன. இந்திய ஆசிரியர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் ஜெர்மனி போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். நாம் பெருமையோடு பேசும் ஒரு நிறுவனம், ஆட்கள் போய் வந்ததால் எழுந்து நின்றது. ஆசிரியர்களுக்கு நல்லதாக இருந்த போக்குவரத்து மாணவர்களுக்கு மட்டும் எப்படிக் கெடுதலாகும்?

தமிழ்நாட்டு அரசும் இந்தத் திசையில் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தின் கீழ் 2024-இல் மாணவர்கள் குறுகிய காலப் பயிற்சிக்காக இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீட்டை 2021-இல் கொண்டுவந்து, கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் ஏற்ற மாநிலம் இது. அந்தப் பிள்ளைகளை வகுப்பறை வரை கொண்டுவந்துவிட்டு, அதற்கு மேல் உள்ள வாய்ப்புகள் அவர்களுக்கானவை அல்ல என்று சொல்ல இந்த மாநிலத்துக்கு மனம் வரக் கூடாது.

செய்ய வேண்டியவை பல கோடி கேட்கும் வேலைகள் அல்ல. இணைப்புக் கல்லூரிகள் பாடத்திட்டத்தில் கைவைக்க முடியாது என்பதால், பல்கலைக்கழகமே தன் ஒழுங்குமுறையில் பரிமாற்ற செமஸ்டருக்கு ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த செமஸ்டரின் பாடங்களைத் தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்று மட்டும் பதிந்து, மதிப்பெண் சராசரியிலிருந்து விலக்கினால் மார்க் குறையும் என்ற பயம் தீரும். வெளிநாட்டில் வகுப்புக்குப் போன நாள் இங்கேயும் வருகையாகக் கணக்கிடப்பட வேண்டும். ஒவ்வொரு துறையிலும் பாடங்களை ஒப்பிட்டு ஈடு சொல்லும் பொறுப்பை ஓர் ஆசிரியருக்குக் கொடுத்து, அதற்கான நேரத்தை அவருடைய பணிச்சுமையில் குறைக்க வேண்டும். உதவித்தொகை ஒதுக்கும்போது 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கும் முதல் பட்டதாரிகளுக்கும் முதலிடம் தர வேண்டும்.

இவை எதுவும் நடக்காதவரை என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததே. வசதியுள்ள பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். ஓர் ஆண்டு வீணானாலும் தாங்கும் குடும்பம் அவர்களுக்கு உண்டு. ஓர் ஆண்டை இழக்க முடியாத மாணவர்தான் நின்றுவிடுவார். அதைக் காட்டி, இது பணக்காரர்களின் வாய்ப்பு என்று மறுபடி சொல்வோம். கிரெடிட்டை ஏற்க மறுத்து அதைப் பணக்காரர்களின் வாய்ப்பாக ஆக்கியவர்கள் நாம்தான். ஆகவே பெற்றோருக்கும் மாணவருக்கும் சொல்ல ஒன்று உண்டு: வெளிநாட்டு ஒப்பந்தங்களின் பட்டியலைக் கல்லூரி அடுத்தமுறை பெருமையோடு காட்டும்போது, அவற்றில் எதன்படி போன மாணவருக்கு இங்கே கிரெடிட் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.